மேல் வரிசையில் ஒரு படம்

1

திண்டிவனத்திலிருந்து அண்ணி நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா நடந்து ஒரு வருடம் ஆகிறதாம். பாட்டு சேர்த்து, மேலிருந்து பூ விழுகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். முதல் காட்சியே மண்டபத்து வாசல். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

அந்த வாசலில் கட்டியிருந்த பேனரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததில் பாதி ஊர்க்காரர்கள் கண் முன்னால் நடந்தது. மீதி இங்கே இலங்கையில் நடந்தது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் பிறந்தது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கெடார். அப்பா போனபின் அண்ணன் ஏழுமலை திண்டிவனத்தில் பெயின்ட் கடை வைத்தார், அம்மாவும் நானும் அவரோடு வந்துவிட்டோம். பிளஸ் டூ வரை படித்தேன். வானூர்ப் பக்கம் இருந்த இலங்கை அகதி முகாமிலிருந்து வீடுகளுக்கு வெள்ளையடிக்க வருவார்கள், அவர்களில் ஒருவர் அண்ணன் கடையில் வாடிக்கை. பெயர் சுதன். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். போர் முடிந்ததும் அவர் அம்மாவைத் தேடிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். நானும் கைக்குழந்தையோடு பின்னால் வந்தேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமம்.

ஊரில் வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர். என் சித்தி இன்னமும் கேட்பாள்: "அங்கயும் தமிழ்தானே பேசிக்கினு கீறாங்க, அப்புறம் இன்னா வெளிநாடு?" விசா புதுப்பிக்கிற வரிசையில் நின்று பார்த்தால் சித்திக்குத் தெரியும். வருடா வருடம் கொழும்புக்குப் போக வேண்டும். என் வீட்டில் எனக்கு மட்டும் இந்தியப் பாஸ்போர்ட். 'எதற்காகத் தங்கியிருக்கிறீர்கள்' என்று கேட்ட இடத்தில் 'மனைவி' என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு முறை அங்கிருந்த அம்மா, கணவர் நேரில் வந்தால்தான் நம்ப முடியும் என்று திருப்பி அனுப்பினார். அவர் சாரத்தில் ஏறி நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், அந்த நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். வந்து நின்றதும் ஒருவரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்திரை விழுந்தது.

தமிழும் அப்படித்தான். என் மகள் துசி இங்கேயே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்து வாசலில் நான் டீச்சரோடு பேசினால் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். "அம்மா, கினு கினு எண்டு கதையாதேங்கோ. பிள்ளையள் சிரிக்குதுகள்." திண்டிவனத்துக்குப் போனால் அங்கே அண்ணன் பிள்ளைகள் அவளை "சிலோனு" என்று கூப்பிடுவார்கள். ஊர் திரும்பியதும் அவள் நேரே போய் அப்பம்மாவின், அதாவது அவள் அப்பாவின் அம்மாவின், மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். என் மடிக்கு வரமாட்டாள்.

2

எனக்கு இங்கே கிடைத்த வேலையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. போர் முடிந்த நாடுகளில் மனம் நொந்த மக்களுக்கு என்ன உதவி பயன்படுகிறது என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி செய்கிறது. உளசமூக ஆதரவு என்று இங்கே சொல்வார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற ஆட்கள் அதற்கு வேண்டும். கையில் டேப்லெட் கொடுப்பார்கள். திரையில் வருகிற கேள்வியைப் படிக்க வேண்டும், சொல்கிற பதிலைத் தொட வேண்டும்.

பிளஸ் டூ படித்தவளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தேர்வு செய்த அம்மா கேட்டார், "உங்கட குடும்பத்தில போரில ஆரும் செத்தவையோ?" என் பிறந்த வீட்டில் இல்லை என்றேன். "அப்ப அழமாட்டீங்கள்" என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார்.

எனக்குத் துணையாக வந்தவள் தர்சினி. அவளுடைய அப்பா இல்லை. எப்படி இல்லை என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேள்வி கேட்கும்போது நிமிரவே மாட்டாள். முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்: "அழுதினம் எண்டா தண்ணி குடுங்கோ அக்கா. கையைப் பிடிக்காதேங்கோ. பிடிச்சா விடமாட்டினம், பிறகு அண்டைக்கு அடுத்த வீட்டுக்குப் போக ஏலாது."

காணாமல் போனவர்கள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. அவர் உயிரோடு இருக்கிறார் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? முழுதாக, பெரும்பாலும், பாதி, கொஞ்சம், இல்லவே இல்லை. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார். "போன முறை வந்த பிள்ளைக்கு முழுதா எண்டு சொன்னனான். ஒண்டும் வரேல்லை. இந்த முறை குறைச்சுச் சொன்னா ஏதும் தருவினமோ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. மனசுல உள்ளத சொல்லுங்க."

"மனசில உள்ளதை உனக்கேன் சொல்லுவான்? நீ இந்தியாக்காரி. படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு உன்ர கதை. பாதி எண்டு போடு."

பாதி என்று போட்டேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்லாததை எனக்குச் சொல்கிறார்கள் என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. மாலையில் வீடு திரும்பிக் கால் கழுவி விளக்கேற்றும்போது, முருகா, இன்றைக்கு எத்தனை பேரைக் கிளறிவிட்டு வந்தேன் என்று உனக்குத்தான் தெரியும், என்று சொல்லிக் கும்பிடுவேன்.

எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்விக்கு உரியவர் ஒருவர் இருந்தார். என் மாமியார்.

3

இங்கே மாமியாரை மாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அத்தை என்று கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. மாமி என்றதும் திரும்பினார்.

மாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். சிறு வயதிலேயே தாய்மாமனோடு படகில் ஏற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இளையவன் சீலன், அம்மாவோடே நின்றுவிட்டான். போரின் கடைசி நாட்களில் சனக்கூட்டத்தோடு கூட்டமாக வரும்போது அவன் கை மாமியின் கையிலிருந்து விடுபட்டது. அவ்வளவுதான் மாமிக்குத் தெரியும். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் மாமி அவனுக்குச் சட்டை வாங்குவார். பத்தொன்பது வயதுப் பையனின் அளவில் அல்ல. அவன் இப்போது எந்த வயதோ, எந்த உடம்போ, அந்த அளவில். கடைக்கு என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போவார். அவர் முதுகில் சட்டையை விரித்து வைத்துப் பார்ப்பார்.

"அவன் இவனைவிடத் தோள் அகலம். ஒரு அளவு கூட்டித் தாங்கோ தம்பி" என்று கடைக்காரரிடம் சொல்வார். என் வீட்டுக்காரர் திரும்பி நின்றபடி கைகளைக் கொஞ்சம் அகட்டிப் பிடித்துக்கொள்வார், துணிக்கடைப் பொம்மை மாதிரி. சட்டை பெட்டிக்குள் போகும். மூத்தவருக்கு எப்போதாவதுதான் வாங்குவார், அதுவும் நான் ஞாபகப்படுத்தினால்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். மழைக்காலம், துவைத்தது எதுவும் காயவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலிக் கதவான படலையைத் தாண்டும்போது மாமி கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"கழட்டு."

"அம்மா, பின்னேரம் தோய்ச்சு வைக்கிறன்."

"கழட்டு எண்டு சொன்னனான். அது ஆற்ற சேட்டு? நீ ஓடினனி. அவன் நிண்டவன்."

ஓடியது அவரில்லை. அனுப்பி வைத்தது மாமிதான். அதை யார் சொல்வது? அவர் படலையடியிலேயே நின்று பொத்தான்களைக் கழற்றினார். துசி சீருடை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெறும் பனியனோடு அவர் சைக்கிள் ஏறிப் போனார். துசி அப்பாவைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கி மடித்து அப்பம்மாவிடம் கொடுத்தாள்.

மாமியை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்கு விடமாட்டார், கொத்தமல்லிக் குடிநீர் வைத்துக் கொடுப்பார். ஆனால் அவரிடம் இருந்த அன்பு முழுவதும் வீட்டில் இல்லாத ஒருவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பவர் அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோரத்தில் பந்தல் போட்டு, காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாமியும் வெள்ளிக்கிழமைகளில் போய் உட்காருவார். போகிற வழியில் கோயில் வாசலில் என் வீட்டுக்காரர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தால், தண்ணீர் வேண்டுமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

4

அண்ணன் போன் பண்ணினார். "பாப்பாவுக்கு சடங்கு வெச்சிருக்கோம்மா. எல்லாரும் வந்துடணும். உங்க மாமியாரையும் கூட்டிக்கினு வா. ஒருவாட்டி கூட வந்ததில்ல அந்தம்மா. பேனருக்கு உங்க வூட்டு போட்டோ எல்லாம் மாப்ள அனுப்பிட்டாரு, நீ ஒண்ணும் பேஜாரு பண்ணிக்காத."

மாமி முதலில் மாட்டேன் என்றார். அவன் வந்து வீடு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வான் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, சீலன் வந்தால் கொடுக்கச் சொல்லி, போன் நம்பரும் எழுதிக் கொடுத்தபின்தான் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கவே உட்கார்ந்தார். இந்திய விசாவுக்கு அலைந்த கதையை எழுதினால் அது தனி. ஒரு காகிதத்தில் பிள்ளைகளின் விவரம் கேட்டிருந்தது. மாமி இரண்டு பேர் என்று சொல்லச் சொன்னார். சீலனுடைய முகவரிக்கு எங்கள் வீட்டு முகவரியே எழுதப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, திண்டிவனம் வந்தோம். சடங்குக்கு முந்தின நாள் நான் எல்லோரையும் மயிலம் கூட்டிப் போனேன். என் கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்ட முருகன். படியேறும்போது மாமிக்கு மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். மாமி துசியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சந்நிதியில் நான் கண்ணை மூடி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவன் இருந்தால் கொண்டுவந்து விடு. இல்லையென்றால் எப்படியாவது அவன் அம்மாவுக்குச் சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பாள். என் புருசன் பிழைக்கட்டும். இப்படிக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

5

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். நான், மாமி, துசி மூவரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் வீட்டுச் சீர்த் தட்டுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்துச் சடங்குப் பேனரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் பெண் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பாள். கீழே வரிசையாக மாமன், சித்தப்பன், பெரியப்பன், சின்னப் பிள்ளைகள் வரை கைகூப்பிக்கொண்டு. மேலே தனியாக ஒரு வரிசை. செத்துப்போனவர்கள். ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே எரிகிற மாதிரி ஒரு குத்துவிளக்கு.

மாமி வாசலில் நின்றுவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் அப்பா. அண்ணியின் அம்மா. மூன்றாவது, சீலன். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதற்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள்.

மாமிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. முகம் தெரிந்தது.

"பிள்ளை" என்று துசியைக் கூப்பிட்டார். "அதில என்ன எழுதிக் கிடக்கு?"

துசி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் வாசித்தாள். "எங்களை வாழவைக்கும் தெய்வங்கள்."

"பேர் போட்டிருக்கோ?"

"ஓம் அப்பம்மா. தெய்வத்திரு சீலன்."

 மாமி உள்ளே போய்ப் பெண்ணுக்கு ஆசீர்வாதம் பண்ணினார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் முறை வந்தபோது வேண்டாம் என்று இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தார். நான்தான் பாதியில் எழுந்துவிட்டேன்.

அண்ணனைச் சமையல் கட்டுக்குப் பின்னால் பிடித்தேன்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்க? எங்க மாமியார இங்க கூட்டிக்கினு வந்து சாவடிக்கணும்னா?"

"இன்னாமா?"

"மேல யார் படத்த போட்டுக்கினு கீற?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னைய கேக்காத. நான் கீழ, சித்தப்பா வரிசையிலதான் போட சொன்னேன். பேனர் கட பையன் டிசைன் பண்ணி எனக்கு அனுப்புனான், நான் மாப்ளைக்கு அனுப்புனேன். உன் வூட்டுக்காரரு பாத்துட்டு போன் பண்றாரு, மச்சான் அவன மேல ஏத்துங்கன்னு. நான் ரெண்டாவது வாட்டியும் கேட்டேன்மா. தெரிஞ்சுதான் சொல்றேன்னாரு."

"அவரு சொன்னா நீ செஞ்சிடுவியா? உன் புத்தி எங்க போச்சு?"

"என் புத்தி எங்கயும் போல. ஒரு மனுசன் செத்து இத்தினி வருசம் ஒரு விளக்கு கிடையாது, ஒரு படையல் கிடையாது. எங்கயாவது அலைஞ்சிக்கினு இருப்பான். வூட்ல வயசுக்கு வரப்போற பொண்ணு கீது உனக்கு. ரோசன பண்ணு." அதற்குள் யாரோ சாம்பார் வாளி எங்கே என்று கூப்பிட, "தோ ஜல்தி வர்றேன்" என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பைக் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே பேசினார்.

"ஊரில அவன்ர பேருக்கு முன்னால அப்பிடி ஒரு சொல்லை எழுத ஏலாது. பந்தலில இருக்கிற அம்மாமார் என்னைத் தின்னுவினம். அம்மா கிணத்துக்குள்ள குதிப்பா. இஞ்ச எண்டா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம். ஒருக்கா எழுதிப் பாக்க வேணும் போல இருந்தது."

"எழுதிப் பாத்துட்டீங்களா?"

"பாத்தன். விடியவே வந்து பாத்தன்." வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார், "கோட்டுப் போட்டிருந்தான். வடிவா இருந்தான்."

முருகா, சொல்லிவிடு என்று கேட்டதற்கு இப்படியா சொல்வாய் என்று எனக்கு அழுகை வந்தது. அண்ணி வந்து, நல்ல நாளும் அதுவுமா இங்க நின்னு அழாதே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

6

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு வர முடியாமல் போனவர்கள், அந்த வீட்டு ஆளை முதன்முதலாகப் பார்க்கும்போது துக்கம் கேட்க வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் சரி. நல்ல காரியத்தின் நடுவில் கேட்கக் கூடாது என்பதால் மறுநாள் காலையில் வந்தார்கள். அண்ணன் தெருப் பெண்கள் மூன்று பேர். பேனரைப் பார்த்திருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கடல் தாண்டி வந்திருக்கிறாள், கேட்காமல் இருந்தால் அது மனுசத்தன்மை இல்லை.

நான் வாசலில் போய்த் தடுக்கப் பார்த்தேன். எதிர்வீட்டு வசந்தாக்கா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய், கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியின் தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மாமி விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் கிடந்தன. அழுகைக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவை ஆருக்கு அழுகினம்?"

 வசந்தாக்கா தன் அழுகையிலேயே இருந்தாள். "பெத்த வயிறும்மா. எனக்குத் தெரியும்மா. நானும் என் புள்ளைய பைபாஸ்ல லாரிக்காரன்கிட்ட வாரி குடுத்துட்டு உக்காந்துக்கினு கீறேன்."

மாமி மெதுவாக அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "உங்கட பிள்ளைக்கு என்ன பேர்?"

"பிரகாசு."

"எத்தினை வயசு?"

"இருவத்தி ரெண்டு."

மாமியின் கைகள் மடியிலிருந்து எழும்பின. வசந்தாக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பிரகாசு, என்ர ராசா, என்ர குஞ்சு" என்று குரல் எடுத்து அழுதார். இத்தனை வருடத்தில் மாமி அழுது நான் பார்த்ததே இல்லை. பிறகு அடுத்தவளைப் பார்த்து, உங்களுக்கு ஆர் என்று கேட்டார். அவளுக்குக் குடித்துச் செத்த புருசன், பெயர் முனுசாமி. முனுசாமிக்கு அழுதார். மூன்றாமவளுக்குப் பிறந்த அன்றே போன பெண் குழந்தை, பேர் வைக்கவில்லை. பேர் இல்லாத அதற்கும் அழுதார். ஒவ்வொருத்தரையும் கேட்டுக் கேட்டு அழுதார். சீலன் என்கிற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்தப் பெண்கள் மனம் லேசாகிப் போனார்கள். வசந்தாக்கா போகும்போது என் கன்னத்தைத் தடவி, "தங்கமான மாமியாருடி உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் அறை வாசலில் நின்று அழுகையைப் பார்த்திருக்கிறார். அவர் நின்ற இடத்துக்குப் பேர்கள் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா அழுதுவிட்டாள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. பெண்கள் போனதும் வந்து, மாமியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"அம்மா. அந்தப் படத்தை மேல போடச் சொன்னது நான்தான். மச்சானில பிழையில்லை. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அழுதிட்டீங்கள்தானே. இனி ஊருக்குப் போய் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம்."

மாமி அவரை வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் தன் மூத்த மகனை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். அண்ணி கொண்டு வந்து வைத்த காபியை எடுத்துக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஊருக்குப் போக எங்களுக்கு எண்டைக்கு ரிக்கெட்?"

7

ஊருக்கு வந்தபின் சண்டை எதுவும் நடக்கவில்லை. மாமி காலையில் தேங்காய் திருவுவார், துசிக்குத் தலை பின்னிவிடுவார், வெள்ளிக்கிழமை பந்தலுக்குப் போவார். என் வீட்டுக்காரரோடு மட்டும் பேச்சு இல்லை. கோபமாக முகத்தைத் திருப்பினால்கூட நாம் ஏதாவது சொல்லலாம். அதுவும் இல்லை. அவர் வந்து பக்கத்தில் நின்றால் மாமி சுவரைப் பார்க்கிற மாதிரி அவரைத் தாண்டிப் பார்ப்பார். காலப்போக்கில் சரியாகும் என்று நான் அவரிடம் சொன்னேன். வேலைக்குப் போகிற வீடுகளில் எனக்குச் சொல்லச் சொல்லிக் கொடுத்த வார்த்தை அது.

போன மாதம் ஆராய்ச்சியின் இரண்டாவது சுற்று தொடங்கியது. எங்கள் தெருவும் அதில் வந்தது. சொந்த வீட்டில் நான் கேட்கக் கூடாது. தர்சினி வந்தாள். மாமி மறுப்பார் என்று நினைத்தேன், அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் குசினி என்கிற சமையலறையின் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அன்று வீட்டில்தான் இருந்தார். படலைக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

தர்சினி வழக்கம் போல நிமிராமல் தொடங்கினாள். பேர், வயது, எவ்வளவு காலமாக இந்த ஊரில்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அம்மா?"

"ஒண்டு."

தர்சினி நிமிர்ந்தாள். அவள் நிமிர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். படலைப் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டோ அம்மா?"

"ஓம். ஆம்பிளைப் பிள்ளை."

"உயிரோட இருக்கிறாரோ?"

"இருக்கிறான்."

"உங்களோடயோ இருக்கிறார்?"

"இப்ப இல்லை. வருவான்."

படலையில் தூரிகை ஓடுகிற சத்தம் நின்றிருந்தது. தர்சினி தொண்டையைச் செருமினாள். எங்களுக்குச் சொல்லியிருப்பது ஒன்றுதான், அவர்கள் சொல்வதைப் பதிய வேண்டும், நமக்குத் தெரிந்ததைப் பதியக் கூடாது. அவள் திரையைத் தொட்டாள்.

"இந்த வீட்டில உங்களோட ஆர் ஆர் இருக்கினம்?"

"மருமோள். பேத்தி."

துசி உள்ளே மேசையில் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வாசல் வரை வந்தாள். அங்கேயே நின்றுகொண்டாள்.

தர்சினியின் விரல் திரையின் மேல் நின்றது. பிறகு குரலே இல்லாமல் கேட்டாள், "அவர்?"

மாமி திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், பெயின்ட் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. மாமியின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தெருவில் போகிற ஒருவரை யாரென்று கேட்டால் யோசித்துச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"அவர் மருமோளின்ர புருசன்."

தர்சினி உடனே பதியவில்லை. என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஏதாவது சொல்வார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மணிக்கட்டில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அம்மா சொல்லுறபடி எழுதுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, படலையின் மறுபக்கத்துக்குப் போய், தெருவில் நின்று அடிக்கத் தொடங்கினார்.